ஐலி கட்டிய சிவப்பு நாடா

ஐலி ஹாபகோஸ்கியின் தாடையை உடைத்த பாவி நான்தான். அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றிப் பேசினால் என் நாக்கு அழுகிவிடும்.

பல்கலைக்கழகத்துக்காகக் கைனு காட்டில் பதினான்கு வருடம் பைன் மரங்களை அளந்தவள். அறுபது வயதிலும் பனிச்சறுக்கு மட்டையில் வருவாள், கையில் மரம் அளக்கும் இரும்புக் கவை, வாயில் வசவு.

அந்த வருடம் ஹெல்சிங்கியில் விஞ்ஞானிகளும் அமைச்சகத்துக்காரர்களும் இரண்டு வருடம் கூடிக்கூடிப் பேசி, கிழ மரங்களைக் காப்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். காக்கவேண்டிய மரத்தில் சிவப்பு நாடா கட்டச் சொன்னார்கள் விஞ்ஞானிகள். ஐலி கட்டினாள். மரம் வெட்டும் எந்திரம் ஓட்டும் எங்களுக்கோ, அப்பன் காலத்திலிருந்தே சிவப்பு என்றால் வெட்டு. பாழாய்ப் போனவர்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே காலையில் நாற்பது மரத்தைச் சாய்த்தேன்.

ஐலி ஓடிவந்தாள். நான் எந்திரத்தின் கதவைத் திறந்ததுமே இரும்புக் கவை என் தோளில் இறங்கியது. எலும்பு உடைந்தது.

"கொலைகாரப் பயலே! இருநூறு வருஷ மரம்டா! இறங்குடா கீழ!"

"நீதானே கிழவி நாடா கட்டினே? புத்தி கெட்டுப் போச்சா?"

மறுபடி ஓங்கினாள். நான் அவள் தாடையில் குத்தினேன். அவள் பல் இரண்டு பனியில் விழுந்தது. அந்த ரத்த வாயோடே என் காதைக் கடித்தாள்.

மேட்டின் மறுபக்கம் இன்னும் அறுபத்துமூன்று மரம் சிவப்பு நாடாவோடு நின்றது. திங்கட்கிழமை வெட்டு, வேறு ஓட்டுநர் தயார். புது உத்தரவு வந்தால்தான் எந்திரம் நிற்கும். வெள்ளிக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியுமாக ஹெல்சிங்கிக்காரர்களோடு கூட்டம்.

"வரையறையில ஒரு சின்னக் குழப்பம்" என்றார் விஞ்ஞானி.

"எங்க கோப்புல நிறமே இல்லையே. ஒரு துணைக்குழு போடலாம், ஆறு மாசத்துல அறிக்கை வந்துடும்" என்றாள் அமைச்சக அதிகாரி.

எனக்கே ரத்தம் கொதித்தது. ஐலி எழுந்தாள். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். நேராக என் பின்னால் வந்து, சிவப்பு நாடாவை என் கழுத்தில் சுற்றி, முதுகில் முழங்காலை ஊன்றி இறுக்கினாள். இரண்டு பேர் இழுத்தும் விடவில்லை. எனக்குக் கண் இருட்டியது.

மூடிய பல்லுக்கிடையிலிருந்து அதிகாரியைக் கேட்டாள்: "சிவப்பு கட்டியாச்சு. இவனைக் காக்கணுமா, வெட்டணுமா?"

"காக்கணும்! ஐயோ, விடும்மா, காக்கணும்!"

"அப்போ மரத்துக்கும் எழுது."

எழுதினாள் அதிகாரி: இனி காக்க நீலம், வெட்டச் சிவப்பு. அங்கேயே கையெழுத்தும் போட்டாள். அதன்பிறகுதான் ஐலி என்னை விட்டாள்.

அறுபத்துமூன்று மரமும் இன்று ஐலி மாற்றிக் கட்டிய நீல நாடாவோடு நிற்கின்றன. தோள் கூடி நான் வேலைக்குத் திரும்பிய நாள், என் எந்திரத்தின் கதவில் ஒரு நாடா கட்டியிருந்தது. சிவப்பு.