எதிர்வீட்டுக்குப் போட்ட மதிப்பெண்

ஐப்பசி மழை பிடித்த வாரம். அமாவாசைக்கு மறுநாள் என்று நினைவு. எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் நான் அந்த நாளை மட்டும் எழுதவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களின் வாழ்க்கைத் தரத்தைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். படகிலிருந்து விழுந்ததில் என் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. "இது உதவித்தொகைக்கு இல்லைங்க, ஆராய்ச்சிக்கு" என்று அவள் முதலிலேயே சொன்னாள். நான் நம்பவில்லை. எங்கள் குப்பத்தில் வீடு ஏறிக் கேள்வி கேட்டவர்கள் எல்லாம் புயல் நிவாரணம் எழுத வந்தவர்கள்தான். எதுவுமே இல்லை என்று சொன்ன வீட்டுக்குத்தான் கிடைத்தது. ஒரு பேட்டரி சக்கர நாற்காலி வந்தால் அண்ணன் தானாகவே கரைவரை போவான் என்று கணக்குப் போட்டேன்.

ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் சொல்ல வேண்டும். குடும்பத்தில் சந்தோஷம்? ஒன்று. மருத்துவ வசதி? ஒன்று.

கட்டிலில் கிடந்த அண்ணன் சிரித்தான். "இன்னாடா, எல்லாத்துக்கும் ஒண்ணே சொல்லினு கீற? நேத்து நண்டு துன்னப்ப நல்லாத்தானே இருந்த?"

"நீ சும்மா இருண்ணா."

"அக்கம்பக்கத்தார் ஒத்தாசை?" என்றாள் அவள்.

"ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லமா. ஒண்ணு போடு."

கடலோடு சேரும் எங்கள் ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைப் பாடு என்போம். குடும்பம் குடும்பமாக முறை வைத்து இறங்குவோம். அண்ணன் படுத்த பிறகும் ஊர் அவன் முறையை எடுத்துவிடவில்லை. எதிர்வீட்டு மாமா தன் வலையைப் போட்டு, கிடைத்த இறாலைப் பங்கு கேட்காமல் கொண்டுவந்து கொடுப்பார். அன்று அண்ணனின் முறை. ஈரக் கூடையோடு அவர் எங்கள் வாசலில் நின்றிருந்தார்.

"அப்போ நான் யாருபா? கொக்கா?"

அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மாத்திக்கலாங்க" என்றாள் அந்தப் பெண்.

"அஞ்சு" என்றேன்.

"இஸ்கூல்ல கூட எனக்கு யாரும் இவ்ளோ போடல" என்று மாமா சிரித்தார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

அடுத்த முறைக்கு வரமாட்டார் என்று பயந்தேன். வந்தார். அண்ணனோடு வாடைக் காற்றைப் பற்றிப் பேசினார். நான் டீயை நீட்டினேன். "வேணாம்பா, இப்பதான் குடிச்சேன்." எங்கள் வீட்டு டீயை அவர் அதுவரை மறுத்ததில்லை.

அவர் போனதும் அண்ணன் சொன்னான்: "நீ போய்ப் பேசிட்டு வா. என்னால அவர் வூட்டுக்கு நடந்து போவ முடியாது."

தெருவைத் தாண்டினால் அவர் வாசல். நான் இன்னும் போகவில்லை.