தரகர் வேஷம்

நூலகர் வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் பாதியை, சிறுவர் பிரிவு என்று பெயர் ஒட்டிப் பூட்டி வைத்த பீரோவைத் திறக்க வைப்பதிலேயே செலவழித்தேன். புத்தகம் கிழிந்தால் யார் பதில் சொல்வது என்பார்கள். பிள்ளைகள் படித்தால் கிழியத்தான் செய்யும் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அதனால் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிளை நூலகத்துக்கு மாற்றலாகி வந்து, மதுரை நாடகக் குழு ஒன்றைப் பிடித்து, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கச் சம்மதிக்க வைத்தபோது எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. மூன்று மாதத்தில் ஏழு பிள்ளைகள் மாட்டுச்சந்தையைப் பற்றி ஒரு நாடகம் செய்தார்கள். அதில் தரகராக நடித்தவள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவதை அப்படியே மாட்டுத் தரகரான அப்பாவிடமிருந்து எடுத்திருந்தாள். ஒத்திகையில் நான் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறேன்.

அந்த அப்பாவுக்குச் சனிக்கிழமைப் பயணம் பிடிக்கவில்லை. நூலக ஆண்டு விழாவில் ஒரு தடவை பாருங்கள், பிடித்தால் தொடர்ந்து அனுப்புங்கள் என்று நான்தான் போனில் கேட்டுக்கொண்டேன். வருவதாகச் சொன்னார். ஆனால் ஆறு மணி பஸ்ஸை விட்டால் ஊருக்கு வேறு பஸ் கிடையாது என்றார்.

விழா மூன்று மணிக்கு. நாடகத்தை முதலில் போட்டால் பெற்றவர்கள் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், பேச வருகிறவர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும் என்று பயந்து, நிகழ்ச்சி நிரலில் அதைக் கடைசியில் போட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான்.

சிறப்பு விருந்தினர் நாலே முக்காலுக்கு வந்தார். வரவேற்புரை, தலைமையுரை, பிறகு முன்னிலை வகித்தவர்கள் அத்தனை பேருக்கும் பொன்னாடை. பொன்னாடைத் தட்டைப் பிடிக்க ஆளில்லை என்று வாசகர் வட்டத்துக்காரர் ஒருவர், வேஷம் கட்டி ஓரமாக நின்றிருந்த அவளை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார். கண்மையால் வரைந்த மீசையும் தோளில் துண்டுமாக அவள் தட்டை ஏந்தி நின்றாள். விருந்தினர் மீசையைக் காட்டி ஏதோ சொல்ல, கூட்டம் சிரித்தது. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டு நானும் நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதும் சிறப்புரை ஓடிக்கொண்டிருந்தது. மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினேன். அவர் அதைப் படித்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், தொடர்ந்து பேசினார்.

அவள் அப்பா கடைசி வரிசையிலிருந்து எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்றார். கோபமெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மூணு மாசமா இதத்தேன் பழகுச்சா டீச்சர்? தட்டுத் தூக்குறதுக்கு மீசை எதுக்கு?"

இல்லண்ணே, நாடகம் இனிமேல்தான் என்று ஆரம்பித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டினார். மீசையைக்கூடத் துடைக்காமல் அவள் பின்னால் போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஆறு பிள்ளைகள்தான் வந்தார்கள். அவள் வகுப்புத் தோழி தகவல் கொண்டுவந்திருந்தாள். தட்டுத் தூக்குவதற்கு எதற்கு இவ்வளவு தூரம் பஸ் ஏற வேண்டும் என்று அப்பா கேட்கிறாராம். நான் இரண்டு தடவை போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். அனுப்பவில்லை.

ஆண்டறிக்கை போன வாரம் அச்சாகி வந்தது. மீசையோடு தட்டை ஏந்தி அவள் நிற்கிற படத்தைத்தான் அட்டையில் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு வரி: சிறுவர் நாடகத்தில் ஒரு காட்சி.