டிக்டொக்கை அழிக்க வைத்த ஃபஸ்லியா தாத்தா

மரணச் செய்தி வந்தபோது ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். "தாத்தா மௌத்தாகிட்டாங்க அக்கா. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பொறகு ஜனாஸா அடக்கம்" என்றார் ஃபஸ்லியா தாத்தாவின் தம்பி. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் தாத்தா என்னிடம் பேசியிருந்தார். கத்தரிக்கோலை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்படியா ஏமாற்றுவது, தாத்தா?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். ஃபஸ்லியா தாத்தா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். பெல்மதுளைச் சந்தியில் என் தையல் கடைக்கு அடுத்தது அவருடைய போன் கடை. அங்கே போனுக்குக் காசு ரீலோட் போடப் போகாதவர் எங்கள் ஊரில் யார்? போய், திட்டு வாங்காமல் திரும்பியவர்தான் யார்?

சில வருஷங்களுக்கு முன் நான் கடையைப் பூட்டிவிட்டுச் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தேன். கணவர் இறந்த பிறகு தோட்ட வேலையை விட்டு வந்து மெஷின் போட்டவள் நான். கடை ஓடவில்லை. போவதென்றால் மகளை அண்ணன் வீட்டில் விட வேண்டும். அதற்கான மெடிக்கல் பரிசோதனைகூட எடுத்தாயிற்று. தீபாவளி வரை பார்க்கிறேன் என்று ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரிடம் தவணை கேட்டிருந்தேன். விளம்பரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், யூடியூப் என்று எல்லாவற்றிலும் ஜாக்கெட்டாகப் போட்டுத் தள்ளினேன். வீடியோ எடுப்பதிலேயே பாதி நாள் போனது, மெஷின் சும்மா கிடந்தது.

"லைக் குவியுது தாத்தா, ஆளத்தான் காணோம்" என்று போனை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தார். "இவரு கட்டார்ல டிரைவர். இவரு மெட்ராஸ். இந்தத் தம்பிக்கு இன்னும் மீசையே மொளைக்கல. இதுல யாருக்கும்மா ஜாக்கெட் தைக்கப் போறீங்க?" கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து, "வாங்க, ஒங்கட ஆளுங்க வீட்டுக்குப் போவோம்" என்று ஆட்டோவில் ஏற்றினார். நான் பிறந்த தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் போனோம். அங்கே அவர் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசவேயில்லை. "போன எடுத்தா மொதல்ல எதத் தொறப்பீங்க?" என்று மட்டும் வீடு வீடாகக் கேட்டார். ஒரு அம்மா வெட்கத்தோடு சொன்னார்: "பேஸ்புக்கெல்லாம் மகன்தான் பாப்பான். எனக்கு எழுத்து வாசிக்கச் செரமம்ங்க. கொழும்புல கடையில நிக்கிற மக வாட்ஸ்அப்புல பேசி அனுப்பும். அத மட்டும் அமுக்கிக் கேப்பேன்." அநேகமாக எல்லா வீட்டிலும் அதே பதில்தான்.

படியிறங்கும்போது தாத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். "இவங்க போன எடுக்கிறதே புள்ளட சத்தம் கேக்கத்தான். நீங்க டிக்டொக்ல போய் நிக்கிறீங்க. நாலு கடைக்கு ஒரே ஆள் நிக்க ஏலுமா?" அன்றே என் கையாலேயே டிக்டொக்கை அழிக்க வைத்தார்.

இனி அந்த லயத்து அம்மாமாருக்கு வாட்ஸ்அப்பில் துணியின் படமும் என் குரலும் மட்டும், எழுத்தே வேண்டாம் என்றார். முதல் தடவை "அன்பான வாடிக்கையாளர்களே" என்று தொடங்கினேன். "நியூஸா வாசிக்கிறீங்க? பக்கத்து வீட்டு ஆளோட பேசுற மாதிரிப் பேசுங்க!" என்று அதட்டினார். பிறகு, "அக்கா, மாம்பழக் கலர்ல ஒரு துணி வந்திருக்கு, ஒங்க நெறத்துக்கு நல்லா எடுக்கும்" என்று பேசி அனுப்பினேன். அந்த அம்மாமார் அதை அப்படியே கொழும்பிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் இருவரும் நினைத்தே பார்க்காதது அது. "எங்கம்மாவுக்கு நல்லதா ரெண்டு தச்சு வைங்க அக்கா, தீவாளிக்கு வர்றப்ப எடுத்துக்கிறேன்" என்று பிள்ளைகளின் குரல் வரத் தொடங்கியது. தீபாவளிக்கு முன் என் கடையில் துணி வைக்க இடமில்லை.

பேஸ்புக்கோடு அவருக்குப் பகை ஒன்றுமில்லை. டவுனிலுள்ள சிங்கள டீச்சர்மார் அதில்தான் கடை தேடுகிறார்கள் என்று கண்டதும், அவரே சிங்களத்தில் எழுதிப் பக்கம் திறந்து தந்தார். "எது பெரிசுன்னு பாக்காதீங்க, ஒங்கட ஆளு எங்க இருக்காங்கன்னு பாருங்க" என்பார். சந்தியில் கேக் செய்து விற்கும் பெண்ணும் இப்போது தன் ஆட்கள் எங்கே என்றுதான் முதலில் விசாரிக்கிறாள்.

ஏஜென்சிக்காரரிடம் "நான் போகவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று தாத்தா கூட வந்தார். மனிதர் கத்தினார். தாத்தா சிங்களத்தில் திருப்பிக் கொடுத்ததை இங்கே எழுத முடியாது.

அடுத்த வருஷம் என் மகள் பெரியவளானாள். பள்ளிக்கூடத்திலிருந்து பயந்துபோய் ஓடி வந்தவள், கடை வாசலிலேயே "அம்மா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். சவூதியில் யார் வீட்டுத் தரையையோ துடைத்துக்கொண்டு, அந்தச் செய்தியைப் போனில் கேட்டிருக்க வேண்டியவள் நான். ஃபஸ்லியா தாத்தா எனக்குத் தந்துவிட்டுப் போனது இதுதான்: அவள் கூப்பிட்டபோது நான் அங்கே இருந்தேன்.