நடுக்கம் வேறு, கமகம் வேறு

தாம்பரத்தில் காலை மின்ரயில் புறப்படுமுன், பெண்கள் பெட்டியின் ஜன்னலோரத்தில் என் கைப்பையை வைத்து எஸ்தர் அக்காவுக்கு இடம் பிடித்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அவர் கணவர் சாமுவேல் சார் வந்து நின்றார். "இடம் போட வேணாம்மா. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. போயிட்டா" என்றார். பையை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அக்காவை உங்களில் பலர் சர்ச் பாடகர் குழுவில் கேட்டிருப்பீர்கள். நான் கேட்டது ரயிலில். பாரிமுனையில் ஒரே அலுவலகத்தில் எங்களுக்குத் தட்டச்சு வேலை. அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் தாண்டுவதற்குள் கீர்த்தனை ஆரம்பமாகிவிடும். அவருக்குத் தோடி ராகம் என்றால் உயிர். அதில் காந்தாரம் என்ற சுரம் அசையாமல் நின்றால் பற்றிக்கொண்டு வரும். ஆர்மோனியத்தில் விரலை வைத்தால் சுரம் அப்படியே நிற்குமே, சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் ஏது? "அது சுரமா, லைட் கம்பமா?" என்று சர்ச் ஆர்மோனியத்தைத் திட்டுவார்.

ஒருநாள் அவரோடு சேர்ந்து பாடும்போது வண்டி குலுங்கியதில் என் குரலும் குலுங்கியது. "நல்லா வந்துச்சுல்லக்கா?" என்றேன். சிரித்துவிட்டார். "வண்டி ஆட்டினா அது நடுக்கம்டீ. நீ ஆட்டினாத்தான் கமகம். எங்க கிளம்பி எங்க வந்து நிக்குதுன்னு உனக்குத் தெரியணும்."

அக்கா தன் அம்மாவை அடக்கம் செய்த அன்று குழியருகே அக்காவேதான் பாடினார். காந்தாரம் பிசகாமல் ஆடியது. பாட்டு முடிந்தபிறகே என் தோளில் விழுந்து கதறினார். எப்படிக்கா முடிந்தது என்று பிற்பாடு கேட்டேன். "அழுகைய கொஞ்சம் வெளிய உக்காருன்னு சொல்லிட்டேன். நான் போனா என்னை ஆர்மோனியத்துகிட்ட விட்டுடாத, கமலா. நீ பாடு." சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அக்காவை அடக்கம் செய்த அன்று, அதே கல்லறைத் தோட்டத்தில் சாமுவேல் சார் கைகாட்டி ஆர்மோனியத்தை நிறுத்தச் சொன்னார். பாடினேன். காந்தாரம் வந்த இடத்தில் அழுகை வெளியே உட்காரவில்லை. குரல் ரயில்பெட்டி மாதிரி உதறியது. முடிந்ததும் குழுப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எஸ்தரக்கா பாடுற மாதிரியே இருந்துச்சு" என்றார்கள். இல்லை, அது வெறும் நடுக்கம். அதைக் கேட்டுச் சிரித்துத் திருத்த இருந்த ஒரே ஆள்மேல் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வித்தியாசம் தெரிகிற காது மட்டும்தான். தினமும் அதே ஜன்னலோரம் உட்கார்ந்து, சானடோரியம் தாண்டியதும் பாடிப் பார்க்கிறேன். இன்னும் நடுக்கம்தான் வருகிறது, அக்கா.