கிரெய்கிபர்ன் புல்லுக்குள் ஒரு பெரிய வீடு

யாழ்ப்பாணத்தில் நான் காணி அளக்கும் சேவயர். மெல்பேர்னுக்கு வந்தபின் ஏழு வருஷம் ஒரு பண்டசாலையில் பெட்டி அடுக்கினேன். நகரின் ஓரத்தில் உள்ள கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டோடு தெரு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் வெறும் புல்வெளி. அங்கேயும் வீடுகள் வரப்போவதாகப் பலகை நட்டிருந்தார்கள்.

ஒரு குளிர்காலப் பின்னேரம் அந்தப் பக்கம் நடக்கப் போனேன். மத்தியானத்தில் வெறும் மேடு பள்ளமாகக் கிடக்கிற நிலம்தான். ஆனால் சாய்ந்த வெயிலில் மேடுகளின் நிழல் நீண்டு விழ, நீள்சதுரமாக ஒரு கட்டடத்தின் தடம், அதைச் சுற்றி ஒரு வரம்பு, பக்கத்தில் வாய்க்கால் என்று எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. நிலம் தானாக இப்படி மூலைமட்டம் பார்த்துக் கோடு கீறாது.

மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன்.

"புல்லுத்தானே தெரியுது," என்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். "ஓமப்பா, இதிலை வாசல் மாதிரி ஒரு இடைவெளி இருக்கு!"

மூன்று பின்னேரம் அளந்தோம். அளவுநாடாவின் ஒரு நுனியை அவள் பிடித்தாள். அந்த இடத்தின் படத்தை இரண்டு தரம் அழித்துக் கீறினேன். அவ்வளவு காலம் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

புதுக் குடியிருப்பைப் பற்றி ஊராரிடம் கருத்துக் கேட்ட கூட்டத்தில், அங்கே வந்திருந்த தொல்லியல் ஆய்வாளரிடம் படத்தைக் கொடுத்தேன். அந்தப் பெண் அதை நெடுநேரம் பார்த்தார்.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பண்டசாலை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற மனைவி முந்திக்கொண்டாள். "இவர் சேவயர்."

கோடையில் தோண்டினார்கள். அந்தக் காலத்து ஆட்டுப்பண்ணை முதலாளி ஒருவரின் பெரிய வீடு அது. நான் கீறிய கோட்டிலேயே கருங்கல் அத்திவாரம் வந்தது. கிணறு என்று நான் குறித்த பள்ளம் மட்டும் பிழையாகிவிட்டது. அது பாலும் வெண்ணெயும் வைத்த நிலவறையாம். இரண்டு பேரும் சிரித்தோம்.

வரவிருந்த தெருவை வேறு பக்கம் மாற்றி, அந்த இடத்தைப் பூங்காவாக விட்டார்கள். அடுத்த அகழ்வுக்கு அளக்க வர முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். பண்டசாலை வேலையை விட்டேன்.

முதல் நாள் காலை மனைவி வாசல்வரை வந்தாள். "வெயிலுக்கை நிண்டு தலையிடியைத் தேடாதேங்கோ."

"சரி, போட்டு வாறன்," என்று காரை எடுத்தேன்.