பழமலையின் இரண்டு ஸ்பீக்கர்கள்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி. சூளையிலிருந்து இறங்கும் சாமான்களைத் தரம் பிரிப்பது பழமலைக்கு வேலை. ஃபியூஸ் கட்டையோ ஊறுகாய் ஜாடியோ, எடுத்து விரல் கணுவால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்றால் வலப்பக்கம், கொஞ்சம் மங்கினாலும் கழிவுக் குவியல். கண்ணும் அப்படித்தான். வெள்ளைப் பரப்பில் கடுகளவு கறை இருந்தால் சுரண்டிப் பார்ப்பார், போகாவிட்டால் தூக்கி எறிவார். அவர் கழித்ததை மறுபடி எடுத்துப் பார்க்க மேஸ்திரிக்குக்கூடத் துணிச்சல் வராது.

எழுபத்திரண்டாம் வருஷம் மாசியில் அவர் மனைவி நீலாவதி படுத்துவிட்டாள். மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

சித்திரையில் அவள் தம்பி சாமிதுரை சிங்கப்பூரிலிருந்து வந்தான். அக்காவுக்கு ஒரு ஸ்டீரியோ ரெக்கார்டு பிளேயரும் நாலு இசைத்தட்டும் கொண்டுவந்திருந்தான். ஸ்பீக்கர் பெட்டிகளைக் கப்பலில் தூக்கிவர முடியாமல், உள்ளே இருந்த ஸ்பீக்கர் இரண்டை மட்டும் கழற்றி லுங்கியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். இரண்டுக்கும் நடுவில் இருந்து கேட்டால் பாடுகிறவர் எதிரே வந்து நின்று பாடுவதுபோல இருக்கும் என்று அவன் சொன்னது அவள் மனசில் தங்கிவிட்டது. லீவு முடிந்து அவன் கிளம்பிப் போன பிறகு புருஷனிடம் கேட்டாள்.

“ஒரு தடவ அப்படிக் கேட்டுடணும்ங்க. நான் எந்தக் கச்சேரிக்குப் போயிருக்கேன்?”

மரத்தில் பெட்டி செய்யலாம் என்று பழமலைக்குத் தோன்றவேயில்லை. அவருக்குத் தெரிந்தது மண். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, குடம் போல இரண்டு கூடுகளுக்கு அச்சு எடுத்து, வார்த்து, காயவைத்து, ஜாடிகளோடு சேர்த்துச் சூளையில் ஏற்றினார். சுட்டால் மண் சுருங்கும் என்று வாயை அகலமாகவே விட்டிருந்தார். ஸ்பீக்கர் கச்சிதமாக உட்கார்ந்தது. மாட்டுவதற்கு முன் துடைத்தார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்குப் பின்னாலும் ஒயர் மாட்ட இரண்டு காதுகள். அதில் ஒன்றின் பக்கத்தில் சிவப்புச் சாயம் ஒரு பொட்டு சிந்தியிருந்தது. வெளிநாட்டுக்காரனும் இவ்வளவு அசட்டையாகவா வேலை செய்வான் என்று நினைத்தார். இரண்டு ஸ்பீக்கரிலும் இருந்த பொட்டைப் பிளேடால் சுத்தமாகச் சுரண்டிவிட்டார்.

கட்டிலுக்கு எதிரே இரண்டு மூலையிலும் கூடுகளை வைத்து, இசைத்தட்டைப் போட்டார். பாட்டு வந்தது. ஆனால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்து, இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் அலைந்தது. நீலாவதி கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

“நடுவுல யாரும் வரலியே,” என்று சிரித்தாள்.

பழமலை கூடுகளைத் தட்டிப் பார்த்தார். இரண்டும் கணீரென்றன. சுவர் மெலிசு, அதுதான் குற்றம் என்று முடிவு கட்டினார். கனமாக வார்த்து, காய எட்டு நாள், சூளையில் இடம் கிடைக்கப் பத்து நாள். அதுவும் சரிப்படவில்லை, உடைத்துப் போட்டார். மூன்றாவது முறை கழுத்தைக் குறுக்கினார். வேலை முடிந்தும் கம்பெனியிலேயே கிடந்தார். பக்கத்து வீட்டுப் பூவாயிதான் நீலாவதிக்குக் கஞ்சி கொடுத்தாள்.

“போதும் விடுங்க,” என்றாள் நீலாவதி ஒருநாள் காலையில். “இதுவே நல்லாத்தான் இருக்குது. செத்த நேரம் இங்க உக்காருங்க.”

“இன்னைக்குச் சூளை பிரிக்கறாங்க. எடுத்துக்கிட்டு ஓடியாந்துடறேன்.”

மூன்றாவது ஜோடி ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. வைக்கோல் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது பூவாயியின் புருஷன் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். நீலாவதி போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து, ரேடியோ ரிப்பேர் செய்யும் மாயவன் துக்கம் விசாரிக்க வந்தான். மூலையில் கூடுகளைப் பார்த்து, ஒரு பாட்டுப் போடச் சொன்னான். சற்று நேரம் கேட்டான். பிறகு டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரிக் கட்டையை எடுத்து இரண்டு பக்கத்து ஒயர்களிலும் ஒரே மாதிரி தொட்டுப் பார்த்தான். ஒரு ஸ்பீக்கரின் முகத்தில் இருந்த காகிதம் முன்னால் துள்ளியது. மற்றது உள்ளே இழுத்துக்கொண்டது.

“ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ஒயரு மாறிக் கெடக்குதுண்ணே. எந்த ஒயரு எங்கன்னு தெரியறதுக்குத்தான் பின்னாடி சிவப்பா ஒரு பொட்டு வச்சிருப்பானே, பாக்கலியா?”

மாயவன் ஒரு பக்கத்து ஒயரை மட்டும் மாற்றி மாட்டினான். குரல் கனத்தது. இரண்டு மூலையையும் விட்டு நகர்ந்து, கட்டில் கிடந்த இடத்துக்கு எதிரே வந்து நின்றது. பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பழமலை எழுந்து போய் இசைத்தட்டின் மேலிருந்து முள்ளைத் தூக்கி வைத்தார்.

மாயவன் போனதும் அந்த ஒயரைக் கழற்றி, நீலாவதி பாட்டுக் கேட்டபோது இருந்தபடியே மாட்டினார்.

அதற்குப் பிறகும் அந்த வீட்டில் பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் கூடுகளை ஈரத்துணியால் துடைப்பார். ஸ்பீக்கர் காகிதத்தில் படிந்த தூசியைக் கோழி இறகால் தட்டுவார். விவரம் தெரிந்தவர்கள் யாராவது வந்தால், ஒயர் மாறியிருக்கிறதே, சரி பண்ணட்டுமா என்று கேட்பார்கள்.

“தெரியுங்க,” என்பார் பழமலை. “அது அப்படியே இருக்கட்டும்.”