டெரெக்கின் துவக்கும் எங்கள் வீட்டுத் திறப்பும்

துவக்குக் கடையில், அதுதான் துப்பாக்கிக் கடையில், வேலை செய்கிறவனிடம் யாரும் துவக்கைப் பற்றிக் கேட்பதில்லை; வேறை வேலை கிடைக்கேல்லையோ என்றுதான் கேட்பார்கள். இறைச்சிக் கடையில் நிற்பவருக்கும் சவப்பெட்டி விற்பவருக்கும் இதே கேள்வி வந்திருக்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற நீங்கள் எல்லாரும் என் நோவை அறிவீர்கள் என்ற துணிவில்தான் எழுதுகிறேன். வெள்ளைக்காரர் சொன்னவற்றை எங்கட தமிழிலேயே தருகிறேன்.

விளையாட்டுச் சாமான்

லூயிஷாமில் ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் எங்கள் கடை வந்துவிடும். லண்டன் முடிந்து கென்ற் தொடங்குகிற இடம். பற்றிசியா என்ற அறுபது வயது அம்மாதான் முதலாளி. வேட்டைக்காரரும் குறி சுடும் கிளப்காரரும் வருவார்கள். லைசன்ஸைப் பார்த்து, புத்தகத்தில் பதிந்து, சாமானைக் கொடுப்பது என் வேலை. பத்திரங்களைப் பார்க்கிற நேரம்தான் கூட. துவக்கைத் தொடுகிற நேரம் குறைவு.

இந்த வேலை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் வாயால் சொன்னதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றபோது, அப்பாவோடு முன்பு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த ஒருவர் மகன் என்ன செய்கிறான் என்று விசாரித்தார். அப்பா என் பக்கம் திரும்பாமலே, விளையாட்டுச் சாமான் கடையில் நிற்கிறான் என்றார். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இன்னும் கொஞ்ச நேரம் அவிழ்த்தேன். விசாரித்தவருக்குச் சந்தோசம்.

"அப்ப என்ர பேரனுக்கு ஒரு கிரிக்கெட் பற் விலை குறைச்சு எடுக்கலாமோ, தம்பி?"

டெரெக் கொண்டுவந்த நீளப் பை

டெரெக் முந்தி ரயில் ஓட்டியவர். கண்ணின் நடுப்பகுதி மங்கிப்போய், ஓரத்தால்தான் ஆளைப் பார்ப்பார். அதனால் லைசன்ஸைப் புதுப்பிக்கவில்லை, அது முடிகிற திகதிக்கு முன் துவக்கைக் கைமாற்றவேண்டும் என்று வந்தார். பையைத் திறந்தால், அவருடைய அப்பா பிறப்பதற்கும் முந்திச் செய்த வேட்டைத் துவக்கு. கனடாவில் இருந்த மாமா ஒருவர் மான் சுட வாங்கியதாம். டெரெக் அதைக்கொண்டு காகிதக் குறியைத் தவிர எதையும் சுட்டதில்லை.

விசைக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட ரவையின் வெறும் கோது வெளியே பாயும்; மேலே இழுத்தால் அடுத்த ரவை உள்ளே ஏறும். ரவைகள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில், அன்னதான வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் நிற்பது முன்னால் நிற்பதைக் குத்திவிடக் கூடாது என்பதற்காக மூக்கு மழுங்கின ரவைதான் போடுவார்கள். டெரெக் வெறும் துவக்கின் லீவரை ஒருதரம் இயக்கிக் காட்டினார். சடக், சடக். அந்தக் கடையில் எத்தனையோ துவக்கு என் கையால் போயிருக்கிறது. ஒன்றின் மேலும் ஆசை வந்ததில்லை. இதன் மேல் வந்தது. ஒரு வருடமாக நானும் கிளப்பில் கடைத் துவக்கால் குறி சுடுகிறவன்தான். எனக்கே தருவீர்களா என்று கேட்டேன். என் குரல் மெல்லியது, இரண்டாந்தரமும் கேட்கவேண்டியிருந்தது.

"தாறன். ஆனா சுவரில கொழுவிப்போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. மாதத்தில ஒருக்காலாவது அது பேசவேணும்."

நோ புரொப்ளம்

இனி விசயம் இதுதான்: துவக்கை வீட்டில் வைக்கவேண்டும் என்றால் பொலிஸிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்க்கவேண்டும், வீட்டில் இருப்பவர்களோடும் கதைப்பார்கள். அப்பாவோ துவக்கு என்ற சொல்லைக்கூட வீட்டுக்குள் விடாதவர். ஒரு கிழமை தயங்கி, ஒரு ஞாயிறு சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டேன். நீ வளர்ந்த பிள்ளை, யோசிச்சுச் செய் என்றார். மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளத்தான் விரும்பினேன்.

வந்த அதிகாரி நல்ல மாதிரியான ஒரு பெண். மேலே என் அறைச் செங்கல் சுவரில் நான் போல்ற் அடித்துப் பூட்டியிருந்த இரும்புப் பெட்டியை இழுத்துப் பார்த்தார், ஆடவில்லை. கீழே வந்து அப்பாவிடம், இதில் உங்களுக்கு ஏதும் மனக்கஷ்டம் உண்டா என்று ஆறுதலாகக் கேட்டார். நோ புரொப்ளம் என்றார் அப்பா. வேறு விதமாகக் கேட்டார். அதற்கும் நோ புரொப்ளம். விசா கொடுக்கிற ஹோம் ஒபிஸ் வந்தாலும், கவுன்சில் வந்தாலும், காஸ் மீற்றர் பார்க்கிறவர் வந்தாலும் அப்பாவிடம் அந்த ஒரு விடைதான் இருக்கிறது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதிகாரிக்குத் தேநீர் ஊற்றினேன்.

போகும்போது அதிகாரி, கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த பழைய கடைப் பையைக் கண்டு அது என்னவென்று கேட்டார். எங்கள் குடும்பத்தின் பத்திரங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். அப்பாவின் முதல் அகதி மனு, அதை மறுத்த கடிதங்கள், பிறகு கிடைத்த விசா, எங்கள் கடவுச்சீட்டுகள். வீடு மூன்று மாறினோம். மூன்றிலும் அந்தப் பை கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. எங்காவது பயணமா என்று அதிகாரி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"இல்லை, மேடம். ஆயத்தமா இருக்கிறம், அவ்வளவுதான்."

திறப்பு

லைசன்ஸ் வந்தது, அதுவரை கடையில் இருந்த துவக்கும் வீட்டுக்கு வந்தது. பெட்டியின் திறப்பு, அதாவது சாவி, எங்கே இருக்கிறது என்று லைசன்ஸ் உள்ளவனைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது கட்டாயம். வாடிக்கைக்காரர்களுக்கு இதை நான் தினமும் படிப்பிக்கிறவன். என் குளிர்காலச் சப்பாத்து ஒன்றுக்குள், காலுறைக்குள் சுற்றி ஒளித்தேன். மூன்றாம் நாள் வேலையால் வந்து பார்த்தால், திறப்பு குசினிக் கொளுக்கியில், தோட்டக் கொட்டில் திறப்புக்குப் பக்கத்தில், அழகாகத் தொங்குகிறது.

உடனே கழற்றி எடுத்தேன். லைசன்ஸ் போனால் துவக்கும் போகும், கடை வேலையும் ஆட்டம் காணும். அம்மாவை இருத்தி, இது விளையாட்டில்லை, பொலிஸ் விசயம் என்று விளங்கப்படுத்தினேன். அம்மா என் சப்பாத்தைக் கழுவிக் காயவிட்டிருந்தார். அன்றைக்கே நம்பர் அமத்தித் திறக்கும் சின்னப் பெட்டகம் ஒன்று வாங்கித் திறப்பை அதற்குள் வைத்தேன். அந்த நம்பரைச் சொல்லமாட்டேன் என்றபோதுதான் அம்மாவின் முகம் மாறியது.

"இருபத்தாறு வருசம் இந்தக் குடும்பத்தைக் கட்டி இழுக்கிறன். எனக்குத் தெரியாத திறப்பொண்டு என்ர வீட்டுக்குள்ள இருக்கேலுமோ?"

சத்தம்

ஒரு சனிக்கிழமை காலை. அடுத்த நாள் கிளப்புக்குப் போக, என் அறையில் துவக்கைத் துடைத்து எண்ணெய் போட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டுதரம் பார்த்தேன். எண்ணெய் பரவ லீவரை இயக்கினேன். சடக், சடக். நன்றாயிருந்தது. இன்னொருக்கால் இயக்கினேன்.

கீழே ஏதோ விழுந்து உடைந்தது. துவக்கைப் பூட்டிவிட்டு இறங்கினேன். குசினியில் பைப் திறந்தபடி ஓடுகிறது. பீங்கான் கோப்பை ஒன்று நிலத்தில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அப்பா சலவை மெசினுக்கும் சுவருக்கும் இடையில் முழங்காலில் நின்றார். இரண்டு கையும் பிடரியில் கோத்திருந்தது. என்னைக் கண்டதும் கைகளை இறக்கி, பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து நிலத்தைத் துடைக்கத் தொடங்கினார். நிலம் காய்ந்திருந்தது.

பிறகு அம்மாதான் சொன்னார். அப்பாவின் இருபத்திரண்டு வயதில், ஊரில் ராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில், ரோட்டோரம் வரிசையாக முழங்காலில் இருத்தினார்களாம். பின்னால் நின்றவன் துவக்கை இழுத்த சத்தம் கேட்டதாம். சுடவில்லை. பக்கத்தில் நின்றவனோடு சேர்ந்து சிரித்தானாம். அவ்வளவுதான் கதை, அம்மாவுக்கும் அப்பா அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் எனக்குச் சொன்ன கதைகளில் கரடி வருகிற இடத்தில் அம்மாவின் அப்பா குரலைத் தாழ்த்துவார். அம்மாவும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னார். குசினியில் அப்பா என்னிடம் சொன்னது வேறு.

"தண்ணி சிந்திப்போச்சு, தம்பி. துடைக்கிறன்."

டெரெக் கேட்க வந்தார்

அடுத்த நாள் கிளப்புக்கு டெரெக்கும் பார்வையாளராக வந்தார். இனி அவருக்குக் குறி தெரியாது. பின்னால் கதிரையில், காதடைப்பானோடு இருந்தார். ஐந்து சுட்டேன். நாலு குறியின் நடுக் கறுப்பில், ஒன்று எங்கேயோ. சுட்டு முடிந்து, உள்ளே வெறுமை என்று பொறுப்பாளருக்குக் காட்ட லீவரைத் திறந்தபோது, டெரெக் ஒரு காதின் அடைப்பானை மட்டும் விலக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டார். கண் மூடியிருந்தது. முகம் பிள்ளையின் முகமாகிவிட்டது.

அதே சத்தம். முதல் நாள்தான் இன்னொரு மனிதரை முழங்காலில் இறக்கியது.  தேநீர் குடிக்கும்போது நடந்ததைச் சொன்னேன். வேண்டுமானால் துவக்கைக் கடையிலேயே விற்பனைக்குக் கொடுத்துவிடுகிறேன், வேறு நல்ல ஆள் வாங்கட்டும் என்றேன். இந்தமுறை என் மெல்லிய குரல் அவருக்கு முதல்தரமே கேட்டது. பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்து, அது கரைந்து விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் விக்கவேணும்? அது இஞ்ச சத்தம் போடட்டும். வீட்டில உன்ர அப்பா சத்தம் போடட்டும்."

பற்றிசியாவின் புத்தகம்

திங்கட்கிழமை துவக்கை எங்கள் கடையின் பாதுகாப்பு அறைக்கே கொண்டுபோனேன். பற்றிசியா காரணம் கேட்கவில்லை. வாடிக்கைக்காரரின் சாமானைப் பதிகிற மாதிரியே என் பெயரையும் துவக்கின் இலக்கத்தையும் புத்தகத்தில் எழுதினார். கிளப்புக்குப் போகிற நாளில் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவரலாம். இன்றைக்கே போய் வீட்டுப் பெட்டியைக் கழற்றி எறிகிறேன் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"நீ பூட்டினது அந்த மனுசன்ர வீட்டுச் சுவரில. கழட்டிறதையாவது வடிவாக் கேட்டுச் செய்."

பெட்டி

கேட்டேன். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா, அது இனி இந்த வீட்டில் இல்லை, பெட்டியையும் கழற்றட்டோ என்றேன்.  அப்பா என் பின்னால் மேலறைக்கு வந்தார். பெட்டி வந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. நான் திறந்துவிட்ட பெட்டியின் வெறும் உட்புறத்தைக் கையால் தடவினார். போல்ற் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும், இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் வருமோ என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். துவக்கு வாங்க வந்தவர்கள்கூட என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. கவுண்டரில் நிற்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன்.

பிறகு கீழே போனார். கதவுக்குப் பின்னால் இருந்த பையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அப்பா இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து இருபத்தெட்டு வருடமாக அது தொங்கிய இடம் எல்லாம் கதவுப் பக்கம்தான். பைக்குள்ளிருந்து கட்டுக் கட்டாய் எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினார். மறுத்த கடிதங்கள் கீழே, கடவுச்சீட்டுகள் மேலே. வெறும் பையை மடித்து அதையும் உள்ளே வைத்தார். என்னைப் பூட்டச் சொல்லி, கைபிடியை இழுத்துப் பார்த்தார். திறப்புக்குக் கையை நீட்டினார், கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"திறப்பு எங்க இருக்கெண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

துவக்குக் கடையில் நின்று இத்தனை காலத்தில் சரியான ஆளுக்குச் சரியான சாமானைக் கொடுத்தேன் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது, துவக்கு இல்லாத அந்த ஒரு பெட்டியைத்தான்.